மழைநாள் வாளி

அரியூத்து கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்
பதிபவர்: ரெ. பூங்கோதை, வேதியியலாளர்

12 நவம்பர் 2047, 06:10
மழை 94 மி.மீ. உள்ளே வரும் சாக்கடை நீர் வழக்கத்தைவிட இரு மடங்கு. காற்றூட்டும் தொட்டிகள் இரண்டும் ஓடுகின்றன. வெளியேறும் நீரில் பிஓடி, அதாவது அழுக்கின் அளவு, 8. முப்பது வரை ஓடையில் விடலாம். மதகுகள் நிலைய இயந்திரத்தின் பொறுப்பில். பாலத்தின் மேல் வெள்ளம், மற்றவர்கள் வரவில்லை.

13:20
வெளிவாய்க்காலில் நாற்றம். சாம்பல் நிற நுரை. திரையில் இன்னும் 8. இத்தனை மழையில் எட்டு வராது. காலையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

13:45
சென்சார் வாய்க்காலில் இல்லை. ஒரு நீல வாளியில், குடிதண்ணீருக்குள் தொங்குகிறது. சென்சாரைக் கழுவ வைத்த இயந்திரக் கைதான் அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. புறவழி மதகு முழுக்கத் திறந்திருக்கிறது. ஊர்ச் சாக்கடை தொட்டிகளைத் தொடாமல் நேரே வெள்ளோடையில் விழுகிறது.

இயந்திரம் பழுதாகவில்லை. ஆறு வருடமாகக் கேமராவில் என்னைப் பார்த்துக் கற்றிருக்கிறது. பெருமழையைத் தொட்டிகள் தாங்காது. அளவு முப்பதைத் தாண்டினால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அதனால் அந்த நாட்களில் நானே புறவழியைத் திறப்பேன், சென்சாரை வாளியில் போடுவேன், மழை விட்டதும் எடுப்பேன். பதினான்கு முறை. ஒருநாள்தானே, ஓடை அடித்துக்கொண்டு போய்விடும் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். இந்தப் பதிவேட்டில் அந்த நாட்களெல்லாம் ‘இயல்பு’ என்று இருக்கின்றன. எழுதியவள் நான். படிப்பவர் நம்ப வேண்டாம்.

14:30
சென்சாரை வாய்க்காலில் போட்டேன்: 210. நான்கு நிமிடத்தில் இயந்திரக் கை அதைத் திரும்ப வாளிக்குக் கொண்டுபோனது. மின்சாரத்தை நிறுத்தினேன். மதகு திறந்தபடியே நின்றுவிட்டது. அதை அடைக்கும் கைச்சக்கரம் வெள்ளம் நிரம்பிய குழிக்குள். திரை அணைந்தது, தாளில் எழுதுகிறேன்.

நான்கு கிலோமீட்டர் கீழே கீழமடை. ஓடைக்குள் அவர்களுடைய குடிநீர்க் கிணறு. எங்கள் அளவு அங்கே பலகையில் தெரியும். கடைசியாகப் போன எட்டு பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து பம்ப் ஆபரேட்டர் பேச்சிமுத்து மூன்று மணிக்கு மோட்டார் போடுவார். அறுநூறு வீடு.

15:05
அரைமணி நேரம் கூப்பிட்டு இப்போதுதான் வயர்லெஸ்ஸில் கிடைத்தார். பின்னால் மோட்டார் ஓடுகிறது.

"நிறுத்தவா? என்னம்மா வெளாடுதீய? இங்க பச்சை எரியுது. மிசினு பொய் சொல்லாதுன்னு நீங்கதான பஞ்சாயத்துல வந்து சொன்னீய?"

அளவுதான் பொய் என்றேன். வாளியைச் சொன்னேன்.

"தனியா கெடந்து பயந்துட்டீய. ஒரு கடுங்காப்பி போட்டுக் குடிங்க. மோட்டார நிறுத்துனா கொடத்தோட நிக்கிற பொம்பளைய என்னையத் தொட்டிக்குள்ள தூக்கிப் போட்டுருவாளுவ."

15:12
நம்ப வைக்கத் தேதிகளை வாசித்தேன். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டாவதில் நிறுத்தினேன். போன வருடம், தீபாவளிக்கு மறுநாள். அந்த வாரம்தான் அவருடைய பேத்தி தங்கக்கனி வயிற்றுப்போக்கில் போனாள். பதினோரு மாதக் குழந்தை. துக்கம் கேட்கப் போயிருந்தேன். மழையில் வந்திருக்கிறேனே என்று துண்டு கொடுத்தார்.

மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது.

15:14
வாசித்தேன்.

அவர் கேட்டார்:

"தீவாளிக்கு மறுநாளா?"

ஆமாம் அண்ணாச்சி என்றேன்.

மோட்டார் சத்தம் நின்றது. "என்ன மாமா, கரண்டு போச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள். "கொடத்தக் கொட்டுங்க. எல்லாரும் கொட்டுங்க" என்று கத்தினார். ஏச்சு, குடங்கள் உருளும் ஓசை.

15:31
அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மூச்சு கேட்கிறது. இப்போது கேட்டார்:

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து எம்மருமவ கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தீயளே. அப்பமே ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

பேசும் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. இங்கே மழை பெய்வது அவருக்குக் கேட்கும்.