லீவு நாளில் பாலம் தாண்டினேன்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்றைக்கு எனக்கு லீவு. ஒரு மாதமாக நெஞ்சு படபடக்கிறதே என்று, நான் தங்கியிருக்கும் ஜொகூர் பாருவிலேயே டாக்டரைப் பார்க்க வாங்கிய லீவு. ஆனால் வழக்கம்போல நாலு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் எல்லை வரிசையில் போய் நின்றிருக்கிறேன். பாலத்தின் நடுவில்தான் நினைவு வந்தது. அங்கே வண்டியைத் திருப்ப முடியாது. அக்கரை போய்த்தான் திரும்ப வேண்டும்.

திரும்பியிருக்கலாம். விடியக்கூட இல்லை. தொழிற்சாலைக்கே போய்விட்டேன்.

"லீவு போட்டுட்டும் வந்துட்டியா? சூப்பர்வைசர் வேலைக்கு உன் பேரத்தான் கொடுக்கப் போறேன் லா," என்றார் மேனேஜர். மூன்று வருடமாகக் காத்திருந்த வார்த்தை. நெஞ்சு படபடத்தது. சந்தோஷமா, அந்தப் பழைய படபடப்பா, தெரியவில்லை.

சாயங்காலம் சொந்த ஊரான குளுவாங்கிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லன்னாரும்மா. ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு."

"இன்னிக்காவது நல்லா தூங்குனியா?"

"தூங்குனேம்மா."

அப்போது நான் திரும்பி வரும் வரிசையில் நின்றிருந்தேன். சுற்றிலும் ஹாரன் சத்தம்.

"சரி," என்றாள். "பாத்து ஓட்டு."