ஆண்களுக்கான முகாம்

நவம்பர் 6, புதன்

காலை கண்டக்டர் டூட்டி முடித்து, மதியம் என் மனைவி தாமரையை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இளையவளைப் பெற்றபோதுதான் அவளுக்கு இதய வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. டாக்டரம்மா இன்று கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு பிரசவம் இவங்க உடம்பு தாங்காது. கருத்தடை ஆபரேசனுக்கு மயக்க மருந்து கொடுக்கவே யோசிக்க வேண்டியிருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பண்ணிக்கலாமே? சின்ன ஆபரேசன்."

இதுவரை என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பஸ்சில் ஊர் திரும்பினோம். செக்கானூரணி தாண்டியதும் தாமரை மெதுவாக, "டாக்டரம்மா சொன்னதக் கேட்டீங்களா?" என்றாள்.

"ம்" என்றேன்.

நவம்பர் 9, சனி

கிராம நர்ஸ் இசைவாணி இளையவளுக்குத் தடுப்பூசி நாள் சொல்ல வந்தார். தாமரை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "இந்த மாசக் கடைசில ஆம்பளைங்களுக்குன்னே முகாம் வருதுண்ணே. நாடு பூரா நடக்குது. போன வருசம் எங்க பக்கம் ஒருத்தர்கூட வரல. பொம்பளைங்கதான் வரிசையா வந்து படுக்குறாங்க."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நர்ஸ் தெரு தாண்டும்வரை பொறுத்திருந்தாள்.

"ரெண்டும் பொட்டப்புள்ளையாப் போச்சு. நீ ஒருத்தன்தான் எனக்கு ஆம்பளப்புள்ள. நீயும் அறுத்துக்கிட்டு வந்துட்டா இந்த வீடு யாருக்குடா?"

"தாமரை செத்துப்போனா மட்டும் யாருக்கும்மா வீடு?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தாமரை காதுபட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நவம்பர் 10

அம்மா சாப்பிடவில்லை.

நவம்பர் 13, புதன்

டிப்போ டீக்கடையில் டிரைவர் ராம்கியிடம் சொன்னேன். அவனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. "மாப்ள, அப்புறம் டபுள் விசில் அடிக்கத் தெம்பு இருக்குமா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. எதற்குப் பயம்? கத்திக்கா? இல்லை. ஆம்பளை என்பது நூல் மாதிரி ஒரு குழாயிலா இருக்கிறது — புத்திக்குப் புரிகிறது. வயிற்றுக்குப் புரியவில்லை.

வெட்கத்தை விட்டு இசைவாணிக்குப் போன் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "எல்லாம் முன்ன மாதிரியே இருக்கும்ணே. புள்ள மட்டும் உண்டாகாது. ஆனா பண்ணுன உடனே நம்பிராதீங்க. மூணு மாசம் பாதுகாப்பா இருந்து, அப்புறம் டெஸ்ட் பாத்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

நவம்பர் 17, ஞாயிறு

அம்மா பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். அழகர்கோவில் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். "நான் இங்க இருக்கையில இது நடக்கக் கூடாது." பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். என் டிப்போ வண்டி நின்றது. ஏற மாட்டேன் என்று தனியார் பஸ்சுக்காக வெயிலில் நின்றாள். எம்புட்டு வீம்பு.

தாமரை சொல்கிறாள்: "எனக்காக அத்தையப் பகைச்சுக்க வேணாம். நான் பாத்துச் சூதானமா இருந்துக்கிறேன்."

இவள் ஒருத்தி மட்டும் எத்தனை வருசம் சூதானமாக இருப்பாள்?

நவம்பர் 26, செவ்வாய்

முடிந்தது.

மூன்று பேர் வந்திருந்தோம். ஒருவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, அப்படியே வாசல் பக்கம் போனவர் திரும்பவில்லை. அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். என் காலும் அந்தப் பக்கம்தான் இழுத்தது.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். அடிவயிற்றில் யாரோ மெல்ல இழுப்பது போல இருந்தது. டாக்டர் எந்த ரூட்டில் வேலை என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே "எந்திரிங்க" என்றார். பயம் தீருவதற்கு முன்னால் ஆபரேசன் தீர்ந்துவிட்டது.

வெளியே தாமரை இளையவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வலித்ததா என்று கேட்கவில்லை. "மனசு ஒரு மாதிரியா இருக்கா?" என்றாள்.

"பசிக்குது" என்றேன். அது உண்மை.

நவம்பர் 27

லேசான வீக்கம். லீவு. மூத்தவள், "ஊசி போட்டப்ப அழுதீங்களாப்பா?" என்று வந்து வந்து கேட்கிறாள்.

டிசம்பர் 2, திங்கள்

வேலைக்குப் போனேன். டபுள் விசில் கொடுத்தேன். ராம்கி கண்ணாடியில் பார்த்து, "சத்தமாத்தான் இருக்கு மாப்ள" என்று வண்டியை எடுத்தான்.

அம்மாவுக்குப் போன் செய்தால் அக்காதான் எடுக்கிறாள்.

மார்ச் 5, புதன்

டெஸ்ட் பார்த்தாயிற்று. இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரிசல்ட்டைத் தாமரை இரண்டு தடவை வாசித்தாள். ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். வால்வு சிகிச்சைக்கு ஏப்ரலில் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். இளைத்திருக்கிறாள். இளையவளைத் தூக்கிக்கொண்டாள். என்னிடம் பேசவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணலையே?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அங்க ஒங்க அக்காவுக்குப் போன மாசம் கரு கலைஞ்சுபோச்சு. யாருட்டயும் சொல்ல வேணாம்னுட்டா. ஏற்கெனவே ரெண்டு தடவ வயித்தக் கிழிச்சுத்தான் புள்ள எடுத்தாங்க. இப்ப கருத்தடைக்கும் அவளையே போயிப் படுன்னு சொல்றாரு மருமகன். எம்புள்ள எந்திரிச்சு நடக்கவே சீவனில்லாமக் கெடக்கா."

ரசம் ஊற்ற வந்த தாமரை கரண்டியோடு நின்றாள்.

"நீ அவருட்டப் பேசு. நான் மாமியா, நான் எப்படிடா சொல்ல?"

அம்மா தட்டை நீட்டி ரசம் வாங்கிக்கொண்டாள்.

கை கழுவியதும் அக்கா வீட்டுக்காரர் பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டேன். "மச்சான், வார ஞாயித்துக்கிழமை வாரேன்."

"வாங்க மாப்ள. என்ன விசேசம்?"

"சும்மாதான். உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."