ஆடித்தபசும் அண்ணாச்சியின் உடன்பாடும்

அன்புள்ள அம்மாவுக்கு இசக்கிசெல்வி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? குற்றாலத்தில் சாரல் நிற்கவே இல்லை. லாட்ஜும் நிரம்பி வழிகிறது.

நேற்று முதலாளி அண்ணாச்சி வேலைக்காரர்களைக் கூட்டித் தமிழ்ப் பாடம் நடத்தினார். "உடன்பாடுன்னா கூட சேர்ந்து நிக்கது. சம்மதம்னா எல்லாருக்கும் ஒரே எண்ணம். அது வடமொழியில இருந்து வந்தது" என்றார். சொல்லுக்கு வேர் தேடுகிறவருக்கு எதிரே நிற்கும் முகங்களைப் பார்க்கத் தெரியவில்லை. கடைசியில், "ஆடித்தபசுத் திருவிழாவுக்கு யாருக்கும் லீவு கிடையாது. சம்மதந்தானே?" என்று கேட்டுவிட்டு அவரே கைதட்டினார். உடனே நாங்களும் தட்ட வேண்டும். இங்கே எல்லாம் அப்படித்தான் முடிவாகும். நான் தட்டவில்லை.

"ஏட்டி, உனக்கென்ன?"

"எனக்குச் சம்மதம் இல்ல அண்ணாச்சி."

"ஊமைன்னுல்லா நெனச்சேன், பேசவும் செய்யுதியே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவர் தமிழைப் போலத்தான், கூட்டம் இருந்தால்தான் வரும்.

பயப்படாதே, அடிக்கவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே துணியே காயவில்லை. மாரிராஜ் மாமா வந்தால் உன் பழைய சேலை ஒன்று கொடுத்துவிடு. துவைக்காதே, அப்படியே போர்த்திக்கொள்வேன்.

மேனேஜர் கூப்பிடுகிறார். தபசன்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் எனக்காக நில்லம்மா. வேலை போனாலும் வந்துவிடுவேன்.

உன் மகள்,
செல்வி