ஜெயில் ஆஸ்பத்திரி மகளுக்கு

என் செல்ல மகளே,

இது அப்பா தன் கையாலேயே எழுதுவது. சிரிக்காதே. ஒரு வரி முடிவதற்குள் ஒரு சுருட்டு தீர்ந்துவிடுகிறது.

போன தடவை நீ ஜெயில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, சாவு வீட்டுக்குப் போய் வந்தவளைப் போல அம்மா உன்னை வாசலிலேயே நிறுத்தித் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். நீ சாப்பிடாமலே திரும்பிப் போனாய். அப்புறம் வரவே இல்லை.

நேற்று லகாட் ஊரிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு நம் தோட்டத்து லயத்துக்கு வந்தாள்.

"ஜெயில் மிஸ்ஸி வீடு இதானே? இவன் அங்கதான் பொறந்தான். வலி வந்தப்ப உங்க மவதான் என் கையப் புடிச்சுக்கிட்டே இருந்துச்சு," என்றாள்.

ஜெயில் என்றதும் அம்மா குடத்தைத் தேடினாள். அதற்குள் அந்தப் பெண் குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டாள். அவன் உடனே சேலையை நனைத்துவிட்டான்!

"அடப் போக்கிரி, எனக்கே தண்ணி ஊத்துறியா?" என்று அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் செல்லாயி ஓடி வந்துவிட்டாள். அம்மா குளிக்கக்கூட இல்லை. அந்தப் பெண்ணை உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

இப்போது என் பக்கத்தில் இருந்துகொண்டு, "ஞாயித்துக்கெழம வந்தா நண்டுக் கொழம்பு வைக்கலாம். நான் கூப்பிட்டேன்னு மட்டும் எழுதிப்புடாதீங்க," என்கிறாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாதே! உன்னோடு வேலை செய்யும் சீனப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. அம்மாதான் கூப்பிடுகிறாள்.

உன் அப்பா