முதுகில் மாட்டிய பை

அன்புத் தங்கச்சி,

பிள்ளையை வீட்டை விட்டுக் கலைத்த உன் மனுசனின் கையில்தான் உன் போனும் இருக்கும். அதனால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

தர்சிகா சுகமாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் வவுனியாவிலிருந்து இங்கே வெள்ளவத்தைக்கு வந்து பதினெட்டு நாளாகியும் உன் மகள் உடுப்புகளைப் பையை விட்டு எடுக்கவில்லை. அலுமாரியில் நான் ஒதுக்கிக் கொடுத்த தட்டு வெறுமையாகவே கிடக்கிறது.

நேற்றுக் காலை, "வா பிள்ளை, மார்க்கெட்டுக்குப் போட்டு வருவம்" என்றேன். பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். துவாய், பிரஷ், பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம் உள்ளே.

"மார்க்கெட்டுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?"

"வவுனியாச் சித்தப்பா வீட்டிலயும் கடைக்கு எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவை, பெரியம்மா. பிறகு பஸ்ஸில ஏத்தி விட்டிட்டினம்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். இன்னொரு ஆளை வைத்திருக்கக் கூடாதென்று, வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். நாங்கள் போகவிருந்தது மார்க்கெட்டுக்கு இல்லை, தங்கச்சி. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் இடம் கேட்டு வைத்திருந்தேன்.

பையை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு, அவளை உண்மையாகவே மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். கத்தரிக்காய் வாங்கினோம். விடுதியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்று பின்னேரம் வீட்டுக்காரர் வருகிறார். இவள் இங்கேதான் இருப்பாள் என்று சொல்லப்போகிறேன்.

கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. இவள் எழும்பிப் போய், பையை மாட்டிக்கொண்டு செருப்பைப் போடுகிறாள்.

உன் அக்கா