எண்ணெய் படாத தோட்டா

முதலில் ஒரு திருத்தம். நான் தலையணைக்கு அடியில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தூங்குவதாகத் தங்கச்சிமடத்தில் பேசித் திரிகிறார்கள். தவறு. ரிவால்வர் இரும்பு அலமாரியில் இருக்கிறது. தோட்டாக்கள் வேறொரு பெட்டியில். இரண்டு சாவியும் என் இடுப்பில். தலையணைக்கு அடியில் இருப்பது ஜெபமாலை மட்டுமே. தோழி, இது உனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதிவைக்கிறேன்.

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த ரிவால்வரை இன்று காலை திரும்ப வாங்கி வந்தேன். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் அந்த எண்ணெய் வாசனை. உடனே உன் சிரிப்புச் சத்தம் என் காதில் கேட்டது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது கொஞ்சமும் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்து, துப்பாக்கி உரிமம் என் பெயருக்கு மாறிய வருடம் அது. ஐஸ் கம்பெனி நடத்திய நாளில் அவர் வாங்கிய பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர். "இத ஒப்படைச்சிட்டு என்கூட கோயம்புத்தூர் வந்துருங்கம்மா. ஒரு ஆபத்துன்னா இத வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றான் மகன். சுட்டுக் காட்டினால் என்ன தருவாய் என்று கேட்டேன். "குறியில பட்டுச்சுன்னா அப்புறம் நான் வாயத் தொறக்கல. இங்கனயே இருங்க" என்றான். இந்த வீட்டை விட்டுப் போகும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. கான்வென்டில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படித்து, பின்னாளில் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற உன்னைத்தான் கூப்பிட்டேன்.

துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் மகன் பின்னால் கைகட்டி நின்றான். விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். "குழாயக் கீழ எறக்காத, அப்படியே நில்லு. தாமசமா வெடிச்சாலும் வெடிக்கும்" என்று அதட்டினாய். காத்திருந்து அடுத்ததை அழுத்தினால், அதுவும் 'டிக்'. மறுபடியும் காத்திருந்து, தோட்டாக்களை வெளியே எடுத்து மூக்கருகே கொண்டுபோனாய்.

"ஏ புள்ள, தேங்காயெண்ண வாசம் அடிக்கிது? தோட்டாவத் தாளிச்சா வச்சிருந்தீக?"

உப்புக் காற்றுக்குப் பயந்து கீல், பூட்டு, கத்தரிக்கோல் என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவுகிற கரை நம்முடையது. அவர் தோட்டாக்களையும் விட்டுவைக்கவில்லை. எண்ணெய் உள்ளே இறங்கி வெடிமருந்தைக் கெடுத்திருந்தது. "அப்பா சமையல் எப்பவுமே எண்ண தூக்கல்தான்" என்று மகன் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது; உன் முகத்தைப் பார்த்ததும் நானும் சிரித்துவிட்டேன்.

"ஏலே, அதுக்குள்ள ஆத்தாவ மூட்ட கட்டிராத. வேற தோட்டா வாங்கிட்டு வாரோம்" என்று அவனிடம் தவணை வாங்கினாய்.

மதுரைக் கடைக்காரர் விலை கூடிய ஒரு பெட்டியை நீட்டினார். "இது வேகம் சாஸ்திம்மா. சின்னத் துப்பாக்கிக்குப் பவர் வேணும்ல?"

"அண்ணாச்சி, இவ வீட்டுக்கு அங்கிட்டு கீத்துக் கொட்டகை. உள்ள பிள்ளைக தூங்கும். தப்புன குண்டு எதுவானாலும் கீத்தத் துளைக்கும். இவளுக்குத் தப்பாத குண்டு வேணும்" என்றாய். பிறகு வேகமானதிலும் சாதாரண ஈயக் குண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினோம்.

மறுபடியும் களத்துக்குப் போனோம். வேகமானது என் வாதம் பிடித்த மணிக்கட்டை உதைத்தது. முதல் குண்டு குறி அட்டையில் பட்டது. அடுத்தது எங்கே போனதென்று அட்டைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டுக்குத்தான் தெரியும். ஈயக் குண்டில் உதை குறைவு. அத்தனையும் வெடித்தன, அத்தனையும் அட்டையின் நடுவில் நெருக்கமாக விழுந்தன. நீ சொன்னாய்: "சின்னத் துப்பாக்கியப் பெருசாக்கப் பாக்காத. ஒவ்வொரு தடவையும் வெடிக்கணும், நெனச்ச எடத்துல படணும். மத்ததெல்லாம் டப்பாவுல எழுதியிருக்க பேச்சு."

மகன் வந்து பார்த்த அன்றும் அப்படியே விழுந்தன. அவன் அட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டான். "ஆபீஸ்ல காட்டணும்மா, நம்ப மாட்டாங்க" என்றான். திரும்பும் வழியெல்லாம் நீ அவனுக்கு என் கான்வென்ட் குறும்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தாய். பாதிக்கு மேல் பொய்.

இந்த வீட்டில் அதை ஒருமுறைகூடச் சுட நேரவில்லை, கடவுளுக்கு நன்றி. ஆனாலும் புதுப் பெட்டி வாங்கினால் களத்தில் சுட்டுப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. தோட்டாவை உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்கிறேன். யார் எதை 'பவர்' என்று விற்க வந்தாலும், மருந்தானாலும் மிக்ஸியானாலும், என் கைக்கு அடங்குமா என்றுதான் முதலில் கேட்கிறேன். அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். திருப்பித் தருவதாக இல்லை.

இப்போது மணிக்கட்டு இன்னும் தளர்ந்துவிட்டது. எடை குறைந்த குண்டு வந்திருக்கிறது, உதை இன்னும் குறையும் என்கிறார் கடைக்காரர். குறிக்குச் சற்றுக் கீழே விழுமோ என்பது என் சந்தேகம். அதற்கு மாறுவதா, பழையதையே தொடர்வதா? கனவில் வந்து சொல்லாதே, விடிந்ததும் மறந்துவிடுகிறது. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பு.