எண்ணாமல் எடுத்துப் போன தோட்டா

செல்விக்கு,

நீ ஆலங்குளத்தில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

நான் ஏதாவது செய்துகொள்வேன் என்று பயந்து, ரிவால்வரை விட்டுவிட்டுத் தோட்டா டப்பாவை மட்டும் எடுத்துப் போனாய். கெட்டிக்காரிதான். ஆசைப்பட்டுக் குழலையும் சிலிண்டரையும் மாற்றி நான் வேறு அளவாக்கிய ரிவால்வர் அது. அந்த அளவுத் தோட்டா மதுரைக் கடையிலும் கிடைக்காது. ஆனால் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கவில்லையே நீ.

தேர்தல் வருவதால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். இன்று காலை ரிவால்வரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டய்யா லைசென்ஸைப் புரட்டினார்.

“தோட்டா ஆறுன்னு இருக்கே. எங்க, அண்ணாச்சி?”

“அஞ்சு எம் வீட்டுக்காரிட்ட இருக்கு. கொண்டாந்துருவா.”

“மிச்சம் ஒண்ணு?”

நம் தோப்பு கடனில் கைவிட்டுப் போன நாளிலிருந்து அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. தினமும் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொண்டேன். எடுத்து மேசைமேல் வைத்தேன். ஏட்டய்யா மேலே எதுவும் கேட்காமல் ரசீது எழுதினார்.

ரசீதை உன் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மிச்ச ஐந்தை யாரிடமும் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டு வா.

உன் வீட்டுக்காரன்